குடலுக்கு எந்தப் பொடி, எத்தனை ஸ்பூன்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குடலுக்கான சத்துப் பொடி, மாத்திரை, கேப்சூல்களைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பதில் சொல்பவர்கள் குடல் நோய் மருத்துவரும் உணவியல் நிபுணரும்.

வயது 38. ஒரு வருடமாக வயிறு உப்புசம். சாப்பிட்டு எழுந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. யூடியூப் பார்த்து இது ‘லீக்கி கட்’ (குடல் சுவர் கசிவது) என்று முடிவு செய்து எல்-குளுட்டமைன் என்ற அமினோ அமிலப் பொடி டப்பா வாங்கினேன். மூன்று வாரமாகக் காலைக் காபியில் ஒரு ஸ்பூன் கலந்து குடிக்கிறேன். உப்புசம் கூடித்தான் இருக்கிறது. அளவு போதவில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

அளவு இருக்கட்டும், முதலில் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளுட்டமைனுக்குப் பக்கத்தில் இனுலின், சிக்கரி வேர் நார், எஃப்.ஓ.எஸ்., சார்பிட்டால் என்று ஏதாவது இருந்தால் உப்புசத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இவை சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகின்றன. ‘கட் ஹெல்த்’ என்று விற்கும் சுவையூட்டிய பொடிகள் பலவற்றில் இந்தக் கூட்டாளிகள் உண்டு. வேறெதுவும் சேராத, சுவையில்லாத குளுட்டமைன்தான் குளுட்டமைன்.

அடுத்தது காபி. குளுட்டமைன் கரைசலில் நிலையாக நிற்காத பொருள். சூடும் புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் சிதையும். போதாக்குறைக்குக் காபியே பெருங்குடலை முடுக்கிவிடும். 5 கிராமை 200 மி.லி. சாதாரணத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். அரை டம்ளரில் கலக்கினால் முழுதாகக் கரையாமல் அடியில் மணல் போலத் தங்கிவிடும்.

இனி அந்த ‘லீக்கி கட்’. குடலின் உட்சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் அந்த அடுக்கே புதிதாகிவிடும். (விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு என்று சொல்வார்கள். சுவீடனில் 2014இல் கணக்குப் போட்டுப் பார்த்ததில் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. ஒரு பெரிய ஹால் அளவு.) செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்வது உண்மையில் நடப்பதுதான். சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாத நோய்), கிரோன் (நாள்பட்ட குடல் அழற்சி) நோய்களிலும், கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகும், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை விடாமல் எடுப்பவர்களிடமும் அதைக் காணலாம். ஆனால் தளர்வு ஒரு விளைவு. அதையே நோயின் பெயராக்கி, ‘சோனுலின்’ (அந்த இணைப்பைத் தளர்த்தும் புரதம்) ரத்தப் பரிசோதனைக்குப் பணம் வாங்குவது நியாயமில்லை. கடைகளுக்கு வரும் அந்தக் கிட்டுகள் சோனுலினை மட்டும்தான் அளக்கின்றன என்று சொல்ல முடியாது.

குளுட்டமைன் பலன் தந்ததாகச் சொல்லும் நல்ல ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. குடல் தொற்றுக்குப் பிறகு பேதியோடு கூடிய ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) வந்து, குடல் சுவர் தளர்ந்திருப்பதும் சோதனையில் உறுதியானவர்களுக்கு 5 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, 8 வாரம் கொடுத்தார்கள். பலருக்கு நன்றாகக் குறைந்தது. அதில் இருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். கிரோன் நோயாளிகளிடம் அப்படித் தெளிவான பலன் காணப்படவில்லை. ஆக, உங்களுக்கும் ஒரு காய்ச்சல்-பேதிக்குப் பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் மேற்சொன்ன அளவில் 8 வாரம் பார்க்கலாம். மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது டப்பா வாங்காதீர்கள். ஈரல் சுருக்கமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தொடவே வேண்டாம். பல உறுப்புகள் செயலிழந்த தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது இறப்பு கூடியதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

பொடிக்கு முன் செய்ய வேண்டியவை: தைராய்டு பரிசோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டுவது), ரத்தத்தில் டி.டி.ஜி. (சீலியாக்கைக் காட்டுவது). சீலியாக் தென்னிந்தியாவில் அரிது என்றாலும் இந்தக் கடைசிப் பரிசோதனை முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். கோதுமையை விட்டுவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். மலத்தில் ரத்தம், எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவரிடம் போங்கள்.

வயது 61. ஆறு மாதமாக மலச்சிக்கல். இரவு படுக்கும் முன் இசப்கோல் ஒரு ஸ்பூன், அரை டம்ளர் வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். முதல் வாரம் சரியாக இருந்தது. இப்போது வயிறு கல் மாதிரி இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தைராய்டு மாத்திரை, கால்சியம் எடுக்கிறேன்.
– வாசகர், கோவில்பட்டி

ஐயா, ஒரு சின்ன சோதனை. நீங்கள் குடிக்கும் அதே அரை டம்ளரில் அதே ஸ்பூன் இசப்கோல் உமியைப் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் மேசையில் வையுங்கள். நுங்குக் குழைவு போலக் கெட்டியாகி நிற்கும். குடலுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. இசப்கோல் குடலை முடுக்கிவிடும் மருந்து அல்ல, தண்ணீரைப் பிடித்து வைக்கும் நார். பிடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் அதுவே அடைப்பு. பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே உமியைச் சொல்வது இதனால்தான். அங்கே மிஞ்சிய நீரைப் பிடிக்கிறது, இங்கே நீரை விடாமல் வைத்திருக்கிறது.

முறை இது. சமையலறைத் தராசு இருந்தால் 5 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். உமி பஞ்சு மாதிரி லேசானது, ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். 250 மி.லி. தண்ணீரில் கலக்கிக் கெட்டியாகும் முன் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். மாலை ஆறு மணி போலக் குடியுங்கள். குடித்தவுடன் படுக்கக் கூடாது, தொண்டையில் தங்கினால் ஆபத்து. பலன் தெரிய 12 முதல் 72 மணி நேரம் ஆகும். மறுநாள் காலை போகவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு வாரம் 5 கிராமில் நின்று, தேவைப்பட்டால் காலை 5, மாலை 5 என்று ஏற்றுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இசப்கோல் உங்களுக்கு ஏற்றதல்ல.

தைராய்டு மாத்திரைக்கும் உமிக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மற்றவற்றுக்கு 2 மணி நேரம். அந்த வழவழப்பு மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையிலும் அதே 4 மணி. ஆரஞ்சு, எலுமிச்சைச் சுவையில் வரும் இசப்கோலில் சர்க்கரை இருக்கலாம், பெட்டியைப் பாருங்கள்.

கால்சியமே மலச்சிக்கல் தரும். இரும்பு மாத்திரையும், ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் அப்படியே. ஆறு மாதத்துக்கு முன் புதிதாகத் தொடங்கிய மாத்திரை எது என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், 61 வயதில் புதிதாக வந்த மலச்சிக்கலுக்கு உமி போதாது. பெருங்குடலை உள்நோக்கிப் (கொலனோஸ்கோபி) பார்க்க வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

காலையில் கற்றாழைச் சாறு, மதியம் கொலாஜன், படுக்கும் முன் ஆப்பிள் சிடர் வினிகர். தொடரலாமா?
– வாசகி, சென்னை

கொலாஜன் வயிற்றுக்குள் போனதும் மற்ற புரதங்களைப் போல அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். நேரே குடல் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாது. டிரிப்டோஃபான் இல்லாத அரைகுறைப் புரதம் அது. முட்டையோ பருப்போ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வினிகரைப் படுக்கும் முன் குடிப்பது நெஞ்செரிச்சலுக்கும் பல்லின் எனாமலுக்கும் கேடு. கற்றாழையில் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே கசியும் மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. நாள்பட எடுத்தால் பொட்டாசியம் இறங்கும். வெட்டியதும் மஞ்சள் வடியும்வரை சாய்த்து வைத்து, சோற்றை ஏழு முறை கழுவும் நம் பாட்டிமார் வழக்கம் வீண் வேலையல்ல. கடைச் சாறில் எத்தனை முறை கழுவினார்கள் என்று யாரைக் கேட்பது?

மூன்று வயதுப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். உப்பும் 14 ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார்கள். நாலாம் நாளே நின்றுவிட்டது. ஜிங்க் கொடுத்தால் வாந்தி எடுக்கிறான். நிறுத்திவிடலாமா?
– பாட்டி ஒருவர், மன்னார்குடி

நிறுத்தாதீர்கள், அம்மா. பேதியை நிறுத்துவது ஜிங்க்கின் வேலையில் ஒரு பாதிதான். பேதியோடு உடம்பிலிருந்த ஜிங்க்கும் போய்விடுகிறது. புதுச் செல்கள் உருவாக அது வேண்டும். 10 முதல் 14 நாள் கொடுத்து முடித்த குழந்தைகளுக்கு அடுத்த இரண்டு மூன்று மாதம் பேதி வருவது குறைகிறது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004 முதல் இதைச் சொல்லி வருகின்றன. இந்தப் பக்கத்தில் பேசும் சரக்குகளிலேயே ஆதாரம் மிக வலுவாக இருப்பது விலை மிகக் குறைந்த இந்த மாத்திரைக்குத்தான்.

வாந்திக்கு வழி உண்டு. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். இட்லியோ தயிர்ச்சாதமோ சாப்பிட்டு அரை மணி கழித்துக் கொடுங்கள். மாத்திரையை ஸ்பூனில் வைத்துக் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டால் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே கரையும், நசுக்க வேண்டாம். உலோகச் சுவை தெரியாமலிருக்கப் பின்னாலேயே ஒரு வாய் தண்ணீர். இதற்கும் வாந்தி நிற்கவில்லையென்றால் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமான அளவு 20 மி.கி.; இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில் 10, 5 மி.கி. அளவுகளும் அதே பலன் தந்தன, வாந்தி குறைவாக இருந்தது.

ஓ.ஆர்.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. பொட்டலத்தில் 1 லிட்டருக்கு என்றிருந்தால் முழுப் பொட்டலத்தையும் 1 லிட்டரில் கரைக்க வேண்டும். ‘குழந்தை எவ்வளவு குடிக்கும்’ என்று ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்காகிவிடும், அது ஆபத்து. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பேரன் வயதுக்கு ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மி.லி., வாய் வாயாக. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போட்டுக்கொண்டு விற்றன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பல்லுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள், கூடவே புரோபயாட்டிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) கேப்சூலும். தயிர் போதாதா? கேப்சூல் எப்போது எடுக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

ஆன்டிபயாட்டிக் எது என்பதைப் பொறுத்தது. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் தயிரைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். பாலின் கால்சியம் மருந்தைக் கட்டிப் போட்டுவிடும். மாத்திரை போட்டு 2 மணி நேரமாவது கழித்துத் தயிர்ச்சாதம். அமாக்ஸிசிலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வீட்டுத் தயிர் நல்ல உணவு. எந்த வகை நுண்ணுயிர், எத்தனை கோடி என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும், மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

கேப்சூலில் இருப்பது பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னும் பின்னும் 2 மணி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் போட்டதும் செத்துவிடும். சாக்கரோமைசஸ் பௌலார்டி என்று எழுதியிருந்தால் அது ஈஸ்ட். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. 250 மி.கி. காலை, மாலை, முதல் நாளிலிருந்தே எடுக்கலாம். பூஞ்சைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் அது வீண். கீமோ எடுப்பவர்கள், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டிருப்பவர்களுக்குக் கூடவே கூடாது. அந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து நோயாகியிருக்கிறது. அவர்கள் பக்கத்திலிருந்து கேப்சூலைப் பிரிப்பதுகூடத் தவறு.

வாங்கும்போது: பெயர் மூன்று பகுதியாக (பேரினம், இனம், ரகம்) இருக்க வேண்டும். ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் கதவிலக்கம் சொல்லாதது போல. லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஜி. என்பதில் அந்த ‘ஜி.ஜி.’தான் ஆய்வுக்கு உட்பட்டது. 2020இல் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் மாற்றியதால் புதுப் பெட்டிகளில் ‘லாக்டிகேசிபேசில்லஸ்’ என்றிருக்கும், பயப்பட வேண்டாம். நுண்ணுயிர் எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள்வரைக்குமா என்று பாருங்கள். நம் நாட்டு விதிப்படி ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். குளிரில் வைக்கச் சொன்ன பொருளை மே மாதத்தில் ஷெல்ஃபில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். சூடான பாலில் பிரித்துப் போடுவதும் வேண்டாம்.

மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியதில்லை. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடச் சொந்த நுண்ணுயிர்கள் திரும்ப வருவது தாமதமானதாக 2018இல் இஸ்ரேல் ஆய்வு ஒன்று காட்டியது.

சாப்பாட்டுக்கு முன் பான்டோபிரசோல், சாப்பிட்டதும் என்சைம் சிரப் இரண்டு ஸ்பூன். இரண்டு வருடமாக இப்படித்தான். சரியா?
– வாசகர், ஈரோடு

சிரப்பில் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் என்சைம்) இருக்கிறதா பாருங்கள். பெப்சின் அமிலத்தில் மட்டுமே வேலை செய்யும்; அந்த அமிலத்தைத்தான் பான்டோபிரசோல் அடைத்துவிட்டது. ஒரு கையால் அடுப்பை அணைத்துவிட்டு மறு கையால் அரிசி போடுகிறீர்கள்.

என்சைம் உண்மையிலேயே தேவைப்படுவது கணையம் பழுதானவர்களுக்கு. மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கும், எடை இறங்கும். கேரளம், தமிழ்நாட்டில் குடிப்பழக்கமே இல்லாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் விழும் நோய் உண்டு. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. அவர்களுக்கு வேண்டியது சிரப் அல்ல, பான்கிரியாட்டின் கேப்சூல்: முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்), நொறுக்குத்தீனிக்குப் பாதி. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று சோற்றோடு போக வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு போட்டால் உணவு முன்னால் போய்விடும், மருந்து பின்னால் துரத்தும். கணைய நோயாளிக்கு அமில மாத்திரை சேர்த்துக் கொடுப்பது வேறு கணக்கு. லைபேஸ் அமிலத்தில் கெடும் என்பதால் கொடுப்பது.

உங்களுக்கு அறிகுறி இல்லையென்றால் சிரப்பை விடுங்கள். இரண்டு வருடப் பான்டோபிரசோலுக்கு பி12 ஒருமுறை பாருங்கள். அமில மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள்.

வயிற்றுப் புண்ணுக்காக நாலு மாதமாக மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல் எடுக்கிறேன். இரண்டு வாரமாகச் சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போகிறது, உடம்பு அரிக்கிறது. மஞ்சளின் நிறம்தானே?
– வாசகி, கரூர்

இல்லை. இன்றே நிறுத்திவிட்டு, நாளைக்குள் ஈரல் பரிசோதனை செய்யுங்கள். குர்குமின் ரத்தத்தில் சேர்வதே அபூர்வம். சிறுநீரை இப்படிக் கறுக்க வைக்கும் அளவுக்கு வராது. டிகாஷன் நிறமும் அரிப்பும் சேர்ந்தால் அது பித்தநிறமி, ஈரல் கோளாறின் அடையாளம்.

சமையல் மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். கேப்சூலில் அது செறிவாக இருக்கிறது. மிளகின் பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சப்படுவது 20 மடங்காவதாக 1998இல் பெங்களூரில் கண்டார்கள். அதையே விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். இத்தகைய கேப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. மருத்துவரிடம் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பழைய சோறு இருக்க இந்த மாத்திரையெல்லாம் எதற்கு? ராத்திரி ஊறினால் இரும்புச்சத்து 21 மடங்காகிறதாமே?
– வாசகர், விருதுநகர்

முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் ஒரு ராத்திரியில் அதை உண்டாக்க முடியாது. நொதிப்பதால் இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம் எளிதாகலாம், அவ்வளவே. ரத்தசோகைக்கு மாத்திரை எடுப்பவர் இதை நம்பி நிறுத்தக் கூடாது.

நியாயம் இருக்கும் இடம் வேறு. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போனால் நுண்ணுயிர்கள் அதைப் பியூட்டிரேட் ஆக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இதுதான். உப்பையும் நீரையும் உள்ளிழுக்கவும் உதவுகிறது. இதை வைத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத வகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் கரைசல் குடித்தவர்களைவிட இவர்கள் சீக்கிரம் தேறியதாக 2000இல் வெளியிட்டார்கள். பழைய சோற்றில் இந்த மாவு அந்த அளவுக்குக் கிடையாது, ஆனால் வேலை செய்யும் வழி இரண்டுக்கும் ஒன்றேதான்.

செய்யும் விதத்தில் கவனம் வேண்டும். வடித்த சோற்றை மதியத்திலிருந்து ராத்திரிவரை திறந்து வைத்திருந்து பிறகு தண்ணீர் ஊற்றினால், புளிப்பு ஏறுவதற்குள் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சை உண்டாக்கிவிடும். சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சோறு முழுக்க முங்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் மூடி வையுங்கள். 8 முதல் 12 மணி நேரம் போதும். கோடையில் 8 மணியே அதிகம். நீராகாரம் இதமாகப் புளித்திருக்க வேண்டும். பருக்கையைத் தூக்கினால் நூல் நூலாக வந்தாலோ, வாடை மாறியிருந்தாலோ மாட்டுக்குக்கூட வைக்காமல் கொட்டிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மற்ற சோற்றைப் போலவே கணக்கு வைத்து, ஒரு கிண்ணத்தோடு எழுந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாய், மோர் மிளகாயை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுங்கள்.